உயிருள்ள ஹதியா

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், டெல்லி உயிரியல் பூங்காவில் ஒரு யானை இறந்துபோன செய்தியை நாளிதழின் உட்பக்கம் ஒன்றில் படித்தேன். சங்கர் என்பது அதன் பெயர். நம் நாட்டு யானையன்று, ஆப்பிரிக்க யானை. நம் குடியரசுத் தலைவராயிருந்த சங்கர் தயாள் சர்மா அவர்களுக்கு அன்பளிப்பாக 1998ஆம் ஆண்டில் ஜிம்பாப்வேயிலிருந்து வந்து சேர்ந்த குட்டி அது. அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். துணையாக வந்த மற்றொரு யானை சில ஆண்டுகளில் இறந்துவிட, அதன்பின் தன் இனத்தின் துணையின்றியே சங்கர் வாழ்ந்தது. அது சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நிலை பற்றிப் புகார்கள் எழுந்து, 2024இல் உலக உயிரியல் பூங்காக்களின் சங்கம் டெல்லிப் பூங்காவின் உறுப்புரிமையை நிறுத்தி வைக்கும் அளவுக்குப் போயிற்று. அன்பளிப்புக்குரியவர் 1999இலேயே மறைந்துவிட்டார். அன்பளிப்போ அதன்பிறகும் கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

செய்தியைப் படித்த பிறகு வெகுநேரம் மனம் அமைதி கொள்ளவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. நானும் சிறு வயதில் ஓர் உயிரை ஹதியாவாகக் கொடுத்தவன். அதைப் பின்னர் சொல்கிறேன்.

மன்னருக்கு மன்னர் பொன்னும் பட்டும் வாளும் அனுப்புவது பழைய வழக்கம். ஆயினும் பெறுபவர் நாட்டில் காணக் கிடைக்காத விலங்கொன்றை அனுப்புவது அவற்றினும் மேலான மரியாதையாக எண்ணப்பட்டது. பொன் எல்லா அரசரிடமும் இருக்கும். யானை எல்லாரிடமும் இராதல்லவா?

இவ்வழக்கத்துக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு கலீபா ஹாரூன் ரஷீது அனுப்பிய யானை. பிராங்கியரின் அரசரான சார்லமேன் 797ஆம் ஆண்டு தூதர் மூவரைப் பக்தாதுக்கு அனுப்பினார். அவர்களுள் இருவர் வழியிலேயே மாண்டுபோயினர். ஈசாக்கு என்னும் யூதர் ஒருவரே கலீபாவின் யானையுடன் திரும்பினார். அபுல் அப்பாஸ் என்பது யானையின் பெயர். அப்பாஸிய வமிசத்தின் முதல் கலீபாவையும் மக்கள் அப்பெயராலேயே அழைத்தனர். 801 அக்டோபரில் இத்தாலியக் கரையில் இறங்கிய யானை, ஆல்ப்ஸ் மலைப் பாதையைப் பனி மூடியிருந்ததால் குளிர்காலம் முழுவதும் வெர்செல்லி என்னும் ஊரில் காத்திருந்து, 802 ஜூலை 20ஆம் நாள் ஆகென் நகரத்து அரண்மனையை அடைந்தது. எட்டாண்டுகளுக்குப் பின், 810இல், சார்லமேன் டேனியரை எதிர்த்துப் புறப்பட்டிருந்த வேளையில், ரைன் நதியோரத்தில் இறந்தது.

மதரசாவில் ஆசிரியப் பணி ஏற்ற புதிதில், இந்நிகழ்ச்சியை அரபி மூலத்திலேயே படித்துவிட வேண்டுமென்று எனக்கு ஆசை உண்டாயிற்று. இமாம் தபரீ அவர்களின் வரலாற்றில் ஹாரூனுடைய ஆட்சியாண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். போர்கள் இருந்தன, ஹஜ் பயணங்கள் இருந்தன, ஆளுநர்களின் நியமனமும் நீக்கமும் இருந்தன. யானை இல்லை. அது கரையிறங்கிய மாதமும் அரண்மனையை அடைந்த நாளும் இறந்த ஆண்டும் பிராங்கியரின் ஆண்டுக் குறிப்புகளில்தாம் இருக்கின்றன. பெற்றவர் எழுதி வைத்தனர். கொடுத்தவர் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அன்று இது எனக்கு வியப்பாக மட்டும் இருந்தது. இன்று அதில் என் குற்றமும் தெரிகிறது.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, எகிப்தை ஆண்ட முஹம்மது அலீ பாஷா இதே வழியைப் பின்பற்றினார். கிரேக்கர் உதுமானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த காலம் அது. பாஷாவின் படைகள் கிரேக்க மண்ணில் போரிட்டுக்கொண்டிருந்தன. ஐரோப்பாவில் அவர்பால் வெறுப்பு வளர்ந்து வந்தது. பிரான்சின் மன்னர் பத்தாம் சார்லஸின் நட்பை நாடி, சூடான் நாட்டில் பிடிபட்ட ஒட்டகச்சிவிங்கிக் கன்று ஒன்றைப் பாஷா அனுப்பி வைத்தார். அது நைல் நதிவழியே அலெக்சாந்திரியாவை அடைந்து, கழுத்தை நீட்டி நிற்பதற்காக மேல்தளத்தில் துளையிடப்பட்ட கப்பலில் ஏறி, 1826 அக்டோபரில் மார்செய் துறைமுகம் சேர்ந்தது. பாலுக்காகப் பசுக்களும் உடன் வந்தன. அதன் கழுத்தில், குர்ஆன் வசனங்கள் எழுதிய தாயத்து ஒன்றையும் கட்டியிருந்தார்களாம். கட்டிய கை எதுவோ, அந்தக் கைக்காரருக்கு மட்டும் அது அரசியல் அன்று, உயிர் என்று தோன்றியிருக்க வேண்டும்.

1827 மே 20ஆம் நாள் மார்செயிலிருந்து பாரிசு நகருக்கு அதை நடத்தியே அழைத்துச் சென்றனர். ஏறத்தாழ 900 கிலோமீட்டர், 41 நாட்கள். மழைக்கென்று அதற்கோர் அங்கியும் தைத்திருந்தனர். உடன் நடந்தவர் ஜோப்ருவா சேன்ட் இலேர் என்னும் பேரறிஞர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. மதரசாவிலிருந்து பள்ளிவாசல் வரை நடப்பதற்கே முழங்காலைத் தடவிக்கொள்ளும் எனக்கு, என் வயதொத்த அம்மனிதர்மேல் தனி மரியாதை தோன்றுகிறது. பாரிசு மக்கள் பல்லாயிரவராகத் திரண்டு வந்து பார்த்தனர். ஒட்டகச்சிவிங்கியின் பெயரால் கூந்தல் அலங்காரங்கள்கூடத் தோன்றின.

ஆனால் பாஷா நாடியது கிட்டிற்றா? ஒட்டகச்சிவிங்கி பாரிசை அடைந்து நான்கு மாதம் நிறையுமுன், 1827 அக்டோபர் 20ஆம் நாள், நவாரினோ விரிகுடாவில் பிரான்சு, பிரிட்டன், ரஷ்யா ஆகிய மூன்று நாடுகளின் கப்பல்களும் கூடி உதுமானிய, எகிப்தியக் கடற்படையை அழித்தொழித்தன. 1830இல் மன்னர் சார்லசும் அரியணை இழந்து நாட்டைவிட்டு ஓடினார். கொடுத்தவர் நோக்கமும் போயிற்று; பெற்றவர் முடியும் போயிற்று. ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் அன்றாடம் பசித்தது. சூடான் நாட்டிலிருந்து வந்த அதீர் என்பவர் அதன் கொட்டிலிலேயே தங்கி, உடலைத் தேய்த்து, தீனியிட்டுப் பேணினார். 1845 வரை அது வாழ்ந்தது.

இங்கிலாந்து மன்னருக்குப் பாஷா அனுப்பிய மற்றொன்றின் கதையோ வேறு. பாலைவனத்தில் ஒட்டகத்தின்மீது கட்டிச் சுமந்து வந்ததால் கால்கள் நலிந்திருந்த அது, 1827இல் வந்து 1829இல் இறந்தது.

இவ்வழக்கம் முழுவதும் வீணென்று நான் கூறவில்லை. 1943இல், போர்க்காலத்தில், தோக்கியோவின் உவேனோ பூங்காவிலிருந்த மூன்று யானைகளைப் பட்டினியிட்டே கொன்றனர். போர் முடிந்தபின் அந்நகரத்துக் குழந்தைகள் யானை வேண்டுமென்று கேட்க, 1949இல் பிரதமர் நேரு தம் மகளின் பெயரையே இட்டு, இந்திரா என்னும் யானையை அனுப்பினார். அது 1983 வரை அங்கே வாழ்ந்தது. நொந்த குழந்தைகளுக்கு அது மகிழ்ச்சி தந்தது உண்மை. ஆயினும் முப்பத்து நான்கு ஆண்டுகள் நாள்தோறும் கொட்டிலைக் கழுவித் தீனி சுமந்த பணியாளர்கள் இல்லாவிட்டால், அந்த அன்பளிப்பு முதல் ஆண்டிலேயே முடிந்திருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1984ஆம் ஆண்டு, எனக்குப் பதின்மூன்று வயது. மதரசாவில் ஓதிக்கொண்டிருந்தேன். விடுமுறையில் ஊர் சென்றபோது, பட்டுப்போன பனையின் பொந்திலிருந்து ஒரு கிளிக்குஞ்சை எடுத்து, சிறு கூண்டிலிட்டு, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்து எங்கள் ஹஜ்ரத்திடம் கொடுத்தேன். மற்ற மாணவர் வாழைப்பழமும் பனங்கற்கண்டும் கொண்டுவந்திருந்தனர். நான் கொண்டுவந்ததே எல்லாவற்றிலும் சிறந்ததென்ற பெருமை எனக்கு. ஹஜ்ரத் ஒரு கணம் தயங்கினார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்து வாங்கிக்கொண்டார்கள். மறுவாரமே எனக்கு அது மறந்துபோயிற்று. ஸனது வாங்கி வெளியூர் சென்றேன், பணியில் அமர்ந்தேன், திருமணமும் ஆயிற்று. ஹஜ்ரத்துக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் அவர்கள் உடல்நலம் கேட்டேன். பிள்ளைகள் நலம் கேட்டேன். கிளியைப் பற்றி ஒருமுறையும் கேட்டதில்லை.

2003இல் ஒருநாள் அஸருக்குப் பின் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். திண்ணையில் அதே கிளி இருந்தது. இறகு உதிர்ந்து, அலகு கோணி, ஒரு கண் மங்கியிருந்தது. பற்கள் போய்விட்ட ஹஜ்ரத் ஊறவைத்த கடலையை விரலால் நசுக்கி அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திகைத்துப் போய், "ஹஜ்ரத், இது இன்னும் இருக்கிறதா?" என்றேன்.

"பறக்கவிட்டுப் பார்த்தோம், தம்பி. இரை தேடத் தெரியாமல் மாலையில் கூண்டுக்கே வந்துவிட்டது. கண் திறக்குமுன் எடுத்த குஞ்சல்லவா?" என்றார்கள்.

உள்ளேயிருந்து தேநீர் கொண்டுவந்த அம்மா சிரித்துக்கொண்டே, "இதை விட்டுவிட்டு என் தாய்வீட்டில் ஓரிரவு தங்கியதில்லை, தம்பி" என்றார்கள். அவர்கள் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. வாடகை வீட்டில், ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சொற்ப ஊதியத்தில் வாழ்ந்த அக்குடும்பத்தின்மேல் பத்தொன்பது ஆண்டுகள் நான் ஒரு சுமையை வைத்திருந்தேன். அதற்கு ஹதியா என்று பெயரும் இட்டிருந்தேன்.

ஹஜ்ரத் என் முகவாட்டத்தைக் கண்டுகொண்டார்கள். "துல்துலைப் பற்றி உங்களுக்கு ஓதிக்கொடுத்தேனே, நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்கள்.

நினைவிருந்தது. எகிப்தின் அதிபரான முகௌகிஸ், நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்பிய வெள்ளைக் கோவேறு கழுதைதான் துல்துல். அண்ணலார் அதை ஏற்று, அதன்மேல் ஏறிச் சென்றார்கள். அவர்கள் மறைந்த பின்னும் அது நெடுங்காலம் வாழ்ந்தது. முதுமையில் பற்கள் உதிர்ந்துபோகவே, அதற்காக வாற்கோதுமையை நொறுக்கிக் கொடுத்தார்கள் என்று சீறா ஆசிரியர்கள் எழுதுகின்றனர். சிறுவனாய் ஓதியபோது அந்த ஒரு வரியை வேகமாகக் கடந்துவிட்டேன். ஹஜ்ரத் கடக்கவில்லை. அதைத் தம் திண்ணையில் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஈராண்டுகள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. வழக்கமான ஸலாமுக்கும் நலவிசாரிப்புக்கும் கீழே, 'கிளி சென்ற வெள்ளிக்கிழமை மவுத்தாயிற்று. அமானிதம் உரியவனிடம் சேர்ந்தது' என்று எழுதியிருந்தார்கள். டெல்லி யானையின் செய்தியைப் படித்த அன்று அந்த அட்டையைத் தேடி எடுத்து மீண்டும் படித்தேன்.

பொன்னைக் கொடுத்தால் கொடுத்தவர் வேலை அன்றோடு முடிகிறது. உயிரைக் கொடுத்தால் முடிவதில்லை. அது ஹதியா என்று பெயர் பெற்றாலும் உள்ளபடி அமானிதமே. சீன நாடு 1984 முதல் தன் பாண்டாக் கரடிகளை அன்பளிப்பாகத் தராமல், ஆண்டுக் கட்டணம் பெற்றுத் தவணைக் கடனாகவே தருகிறது. அதில் வாணிபம் கலந்திருக்கலாம். ஆயினும் கடன் கொடுத்தவர் விசாரிப்பார். தானம் கொடுத்தவர் மறந்துவிடுவார்.

இப்போது மாணவரின் தந்தையர் சிலர் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கென்று கூண்டில் பறவைகளைக் கொண்டுவருவதுண்டு. மனம் நோகாதபடி மறுத்து, அடுத்தமுறை ஒரு பிடி பேரீச்சம்பழம் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். உயிரொன்றைப் பிறர் கையில் ஒப்படைக்க நேர்ந்தவர்கள், அரசராயினும் சிறுவராயினும், பிறகு ஒருமுறையேனும் போய் அது சாப்பிட்டதா என்று கேட்கட்டும். நான் கேட்கத் தவறிய பத்தொன்பது ஆண்டுகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக.