மருந்தோடு ஒரு வார்த்தை

உடல் நோயுற்றால் மருத்துவமனையை நாடுகிறோம். மருத்துவர் சீட்டு எழுதுகிறார். மருந்தாளுநர் மாத்திரை தருகிறார். "காலையில் ஒன்று, இரவில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த மாத்திரை உடலில் வேறு என்னென்ன செய்யக்கூடும் என்று அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார். அந்த நான்கில் நோயாளியைத்தான் அவர் முதலில் வைத்தார். முதற்கூறான அவனே ஒன்றும் அறியாதிருந்தால் மற்ற மூன்றும் என்ன பயன் தரும்?

செஞ்சியை அடுத்த சிற்றூரில் வாழ்பவர் என் அத்தை. மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலைக்குச் செல்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்குக் காசநோய் கண்டது. ஒரு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். மறுநாளே சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிற்று. இரத்தம் போகிறது என்றே அவர் நம்பினார். மாத்திரையின் சூடு குடலை அறுத்துவிட்டது என்று அக்கம்பக்கத்தாரும் சொன்னார்கள். மாத்திரை அட்டை பரணுக்குப் போயிற்று. மூன்று வாரத்தில் இருமல் முன்னிலும் அதிகமாயிற்று.

பிறகு வீட்டுக்கு வந்த கிராம செவிலியர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "அது ரத்தம் இல்லைம்மா, மாத்திரையோட நிறம். வேர்வை, கண்ணீர்கூட அப்படி வரலாம். பயப்படாதீங்க. ஆனா கண்ணு மஞ்சளானாலோ, வாந்தி நிக்காம வந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்னைக்கே வந்துடுங்க." இதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தை மருந்தை மீண்டும் தொடங்கி, முழுக்காலமும் உட்கொண்டு குணமடைந்தார். ரிஃபாம்பிசின் என்னும் அந்த மருந்து சிறுநீரைச் சிவக்க வைப்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. அதை அறியாதவர் என் அத்தை ஒருவரே!

காசநோய் சிகிச்சையில் நம் தமிழகத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், நோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதையும் வீட்டிலிருந்தபடியே மருந்து உண்ணச் செய்வதையும் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சையும் அதற்கு இணையான பலன் தருகிறது என்ற முடிவு 1959-இல் வெளிவந்தது. உலக நாடுகள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. ஆனால் மருந்து வீட்டுக்கு வந்தபோது, அருகிருந்து ஐயம் தீர்க்கும் செவிலியர் உடன் வரவில்லை. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் மருந்தோடு விளக்கத்தையும் சேர்த்து அனுப்புவது கடமையாகிறது.

இது காசநோய்க்கு மட்டும் உரியதன்று. இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும்; இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. இரத்த அழுத்த மாத்திரைகளில் சில வறட்டு இருமலையும், சில கால் வீக்கத்தையும் தரும். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சில சர்க்கரை மாத்திரைகளை உண்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரும். இதற்கு அஞ்சத்தான் வேண்டும். எதற்கு அஞ்சலாம், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று பிரித்துச் சொல்வதே நல்ல விளக்கம்.

நம் இராஜகிரிக் கோட்டையில் ஏறுபவரிடம், "உச்சிக்கு முன்னே ஆழமான பிளவு உண்டு, அதன்மேல் பாலமும் உண்டு" என்று அடிவாரத்திலேயே சொல்லிவிட்டால் அவர் பாதியில் திரும்பமாட்டார் அல்லவா?

வெளிநோயாளிகள் பிரிவின் நெரிசலையும், ஊழியர் படும் பாட்டையும் நாம் மறுக்கவில்லை. எனினும், நோயாளிக்கு மருந்தை விளக்குவது மருந்தாளுநரின் பொறுப்பு என்று 2015-ஆம் ஆண்டின் மருந்தாளுமை விதிமுறைகளே கூறுகின்றன. பக்க விளைவுகளைப் பொதுமக்களே தெரிவிக்க 1800-180-3024 என்ற இலவசத் தொலைபேசி எண்ணும் உள்ளது.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். பெற்றோருடனும் பாட்டியுடனும் மருத்துவமனைக்குச் செல்லும்போது, மருந்து தரும் ஜன்னலில் நின்று இரண்டே கேள்விகள் கேட்போம்: "இதைச் சாப்பிட்டால் என்ன ஆகும்? எது வந்தால் உடனே வரவேண்டும்?" நாம் கற்ற கல்வி நம் வீட்டுக்குச் செய்யும் முதல் உதவியாக அது இருக்கட்டும்.