இடம் பெயர்ந்த கற்கள்

பைக்காரா ஆற்றைத் தோதவ மக்கள் புனிதமாகப் போற்றுகின்றனர். அதைக் கடக்கையில் போர்வையினின்று வலக்கரத்தை வெளியே எடுத்து அவர்கள் வணக்கம் செலுத்தும் வழக்கத்தை, 1906-இல் வெளிவந்த தம் நூலில் ரிவர்ஸ் என்னும் அறிஞர் குறித்துள்ளார். அந்த ஆற்றருகே வளர்ந்தவன் நான். எனினும் நிலத்தை மதிக்க நான் கற்றது முதுமையிலேதான்.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு வயநாட்டிலுள்ள எடக்கல்லுக்குச் சென்றோம். அது குகையன்று, பாறைப் பிளவின்மேல் பெருங்கல்லொன்று விழுந்து கூரையாய் நிற்கும் இடம். இடையிலுள்ள கல் என்பதே அப்பெயரின் பொருள். அதன் சுவர்களில் மனித உருவங்களும் விலங்குகளும் அடையாளங்களும் ஆழக் கீறப்பட்டுள்ளன. புதிய கற்காலத்தைச் சேர்ந்தவையும் அவற்றுள் உண்டென்பர். காவல்துறை அதிகாரியாயிருந்த ஃபாசெட் என்பவர் 1901-இல் அவற்றைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். மலையேறி வந்து, மேலிருந்து ஒளி இறங்கும் அவ்விடத்தைத் தேர்ந்தவர்கள், அதை வெறும் பாறையாகக் கண்டிருப்பார்களா?

திரும்பும் வழியில் என் பேரன் கூரிய கல்லொன்றை எடுத்துப் பாறையில் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். கடிந்துகொண்டேன். "அவர்கள் மட்டும் கீறலாமா, தாத்தா?" என்றான்.

எனக்கு நா எழவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன், எங்கள் வீட்டிற்கு மேலுள்ள குன்றின் உச்சியிலிருந்த கற்குவையைக் கலைத்து, மாட்டுக் கொட்டிலுக்குச் சுவர் எழுப்பியவன் நான். நீலகிரியின் முதல் ஆணையர் பிரீக்ஸ் இத்தகைய கற்குவைகளைத் தோண்டி ஆராய்ந்தார். அவரது நூல் 1873-இல் வெளிவந்தது. அவை பண்டைய மக்கள் தம் இறந்தோர்க்கு எழுப்பிய நினைவிடங்கள் என்பதைப் பின்னாளில் படித்தபோது என் உள்ளம் நடுங்கிற்று. கற்கள் இன்றும் கொட்டிலில் உள்ளன. ஆனால் எந்தக் கல் எங்கிருந்தது என்பதை யார் சொல்வார்? இடத்தை இழந்த கல் தன் சாட்சியத்தையும் இழக்கிறது.

இதையெல்லாம் பேரனிடம் ஒளிக்காமல் கூறினேன். "அவர்கள் மீண்டும் வந்து கீறமாட்டார்கள், கண்ணே. நாம் அழித்தால் அழிந்ததுதான்" என்றேன். அவன் கல்லைக் கீழே போட்டான்.

கோத்தகிரிப் பகுதியில் கரிக்கையூரின் தொன்மையான பாறை ஓவியங்களும் பெயர் எழுதுவோரால் சிதைந்துள்ளன. யாக்கோபு பெத்தேலில் கல்லை நாட்டி எண்ணெய் வார்த்ததை நாம் அறிவோம். நவம்பரில் நம் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, பெயரறியாத இம்முன்னோரையும் நினைவுகூர்வோம். அவர்கள் வைத்த கல்லை வைத்த இடத்திலேயே விட்டுவைப்பதும் ஒரு செபமே.