மலையில் ஒரு இரவும் மணியின் கயிறும்

"காணும் பொங்கலுக்கு எல்லாரும் பிள்ளைக் குட்டியோட கோமுகி அணைக்குப் போவாங்க. நீங்க நாயைக் கூட்டிக்கிட்டு மலையில போய்ப் படுக்கப் போறீங்களா? நல்லாயிருக்கு!" என்று என் மாமியார் முகவாயில் கை வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கள்ளக்குறிச்சிக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷமாகிறது. மொட்டை மாடியில் வடகம் காயப்போடும்போதெல்லாம் மேற்கே நீலமாக ஒரு கோடு தெரியும். அதுதான் கல்வராயன் மலை. தினமும் கண்ணில் படுகிற மலைக்கு ஒரு நாள்கூடப் போனதில்லை. "மலையா? அங்கே சாராயம் காய்ச்சுவாங்க" என்பதுதான் ஊரில் காதில் விழுந்த பேச்சு. 2024 ஜூன் மாதம் எங்கள் ஊர்க் கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகு, மலைப்பக்கம் போவதென்றாலே சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள்.

போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவன் என் மகன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான். போன ஆடி மாதம் என் மாமனார் காலமானதிலிருந்து அவன் வீட்டில் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. தாத்தாவின் பழைய பைனாகுலரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவான். கூடவே மணியும் போகும். மணி, மாமனார் வளர்த்த நாட்டு நாய். அவர் போன பிறகும் அவருடைய சாய்வு நாற்காலிக்குக் கீழேதான் படுக்கும். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். பார்க்கவே வயிற்றைப் பிசையும்.

பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைகளைப் பார்த்துக் கணக்கெடுக்கும் வழக்கம் 2015-லிருந்து நடந்துவருகிறதாம். ஒரே இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதிச் செல்போனில் பதிந்தால் போதுமாம். "மாடியிலேருந்து காக்காயும் மைனாவும் எண்ணியாச்சும்மா. மலையில எண்ணணும்" என்றான். மாதக் கணக்கில் வாய் திறக்காத பிள்ளை ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்?

என் கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கடுக்காய், புளி, சாமை எல்லாம் கொண்டுவந்து எங்கள் கடையில் போடுவார். "காப்புக்காட்டுல அனுமதி இல்லாம யாரும் தங்கக் கூடாது தம்பி. என் களத்துல கூடாரம் போட்டுக்குங்க" என்று அவரே அழைத்தார். அப்படித்தான் காணும் பொங்கலன்று காலையில், இரவல் வாங்கிய கூடாரம், கம்பளி, புளிசாதத் தூக்கு, மணி எல்லாவற்றோடும் எங்கள் ஆம்னி வேன் கிளம்பியது.

கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் கோமுகி அணை. 1965-ல் கட்டி முடித்தது. கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்விட்டதால் தண்ணீர் ஓரம் அமைதியாக இருந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்தன. ஒரு மீன்கொத்தி கம்பியிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து மீனோடு எழுந்தது. மகன் எழுதிக்கொண்டே வந்தான். அதன்பிறகு ஏற்றம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. மலைப்பாதையில் நாய்க்கும் நம்மைப் போலவே தலைசுற்றும், வாந்தி வரும். அதனால் அன்று காலை மணிக்கு வயிறு நிறையப் போடவில்லை. பாதி வழியில் ஒரு முறை இறக்கித் தண்ணீர் காட்டினோம். பெரியார் நீர்வீழ்ச்சியில் தை மாதத்துத் தண்ணீர் மெலிசாக விழுந்துகொண்டிருந்தது. கால் நனைத்துக்கொண்டு மேலே ஏறினோம்.

மேலே போனால், நான் நினைத்த மலை வேறு, அங்கே இருந்த மலை வேறு. மரவள்ளிக் காடும், சாமை அறுத்த கொல்லையும், சாணி மெழுகிய வாசலில் பொங்கல் கோலமும்! இங்கே வாழ்கிறவர்களை மலையாளிகள் என்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிற மலைவாழ் மக்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1976 வரை இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது என்று பெரியவர் சொன்னார். கீழே நாம் ரேஷன் கார்டும் பட்டாவும் வைத்துக்கொண்டு வாழ்ந்த காலத்தில், இவர்கள் வேறொரு ஆட்சியில் இருந்திருக்கிறார்கள்!

சாயங்காலம் கூடாரம் போட்டு முடித்தோம். மணி கயிற்றை இழுத்துக்கொண்டு முனகியது. "தாத்தா இதைக் கட்டவே மாட்டாரும்மா" என்றான் மகன். "பாவம், கொஞ்ச நேரம் காலாற ஓடட்டும். அவிழ்த்து விடுடா" என்று சொன்னவள் நான்தான். அந்தத் தப்பு என்னுடையது.

கயிறு கழன்றதும் மணி ஒரு சுற்று ஓடியது. புதரில் ஏதோ படபடத்தது. அவ்வளவுதான், அம்பு மாதிரி பாய்ந்து சரிவில் மறைந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியது. இருட்டியும் வரவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிய என் கணவரைப் பெரியவர் தடுத்தார். "ராத்திரியில காட்டுக்குள்ள போகக் கூடாது தம்பி. பன்னி வர்ற தடம். விடியட்டும்."

அந்த இரவை மறக்க முடியாது. பெரியவர் வீட்டில் கொடுத்த சாமைச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பனி கூடாரத்தின் மேல் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மகன் உள்ளே வர மறுத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "தாத்தா போன அன்னிக்கு, மணியை நான் பாத்துக்கறேன்னு அவர் காதுல சொன்னேன்மா" என்றான். அப்புறம் விம்மி விம்மி அழுதான். ஐந்து மாதமாக அவன் அழாத அழுகை அது. நான் ஒன்றும் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

விடிவதற்கு முன்பே எழுந்து மூன்று பேரும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினோம். சாம்பல் வெளிச்சத்தில், எங்கிருந்தோ இரண்டு சுரமாக ஒரு சீழ்க்கை கேட்டது. மகன் என் கையைப் பிடித்து நிறுத்தினான். புதருக்கு அடியில் காய்ந்த சருகைப் புரட்டிக்கொண்டு, மைனாவைவிடச் சிறியதாக, குட்டை வாலோடு ஒரு பறவை. பச்சை முதுகு, சிறகில் நீலம், சந்தன நிற வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்கு மை தீட்டினாற்போல் கறுப்புப் பட்டை. "ஆறுமணிக் குருவிம்மா" என்று மெதுவாகச் சொன்னான். காலையிலும் மாலையிலும் ஆறு மணிவாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயராம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே தமிழ்நாடு, இலங்கை வரை பறந்து வருமாம். இந்த உள்ளங்கை அளவு ஜீவன் அத்தனை தூரம் வந்து, சருகுக்குள் ஒரு புழுவைத் தேடிக்கொண்டிருந்தது. மணியைத் தேடி வந்ததைக்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனேன்.

அடுத்த திருப்பத்தில் நாலைந்து வீடுகள். ஒரு வீட்டுத் தூணில் மணி கட்டிக் கிடந்தது! மகன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான். வீட்டுக்காரப் பெண்ணுக்கு முப்பது வயசிருக்கும். சிரிக்கவில்லை. "உங்க நாயாக்கா? ராத்திரி என் அடைக்கோழியைக் கடிச்சுப் போட்டுடுச்சு" என்றாள். திண்ணையோரம் கூடையில் அந்தக் கோழி கிடந்தது. பதினோரு முட்டைக்கு அடைபடுத்திருந்த கோழி. முட்டைகளை ராத்திரியே பக்கத்து வீட்டு அடைக்கோழிக்கு அடியில் வைத்துவிட்டாளாம்.

எனக்குக் கூனிக்குறுகிப் போயிற்று. "தங்கச்சி, தப்பு எங்க பேர்ல. என்ன வேணும்னாலும் சொல்லு" என்றேன். "பணம் வேணாம்னு சொல்லமாட்டேங்க்கா. அது முட்டை வித்துத்தான் பிள்ளைக்கு நோட்டு வாங்கறேன். அறுநூறு குடுங்க" என்றாள். என் கணவர் ஆயிரமாகக் கொடுத்தார். நானூறைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நாயை அடிக்கலை. வாயில்லாப் பிராணி. அவுத்துவிட்ட மனுசங்களைத்தான் திட்டினேன்" என்றாள். அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. இந்த மலையைப் பற்றி எத்தனை பேச்சுக் கேட்டிருப்பேன்! அவளோ எங்கள் நாயைக் கட்டி வைத்து, தண்ணீரும் காட்டியிருந்தாள்.

வேனில் திரும்பும்போது மகன் சொன்னான்: "கோழியாயிருந்ததால நமக்குத் தெரிஞ்சுதும்மா. காட்டுக்கோழி, கவுதாரி, பக்கி எல்லாம் தரையிலதான் முட்டை வைக்கும். அதுங்களை மணி கடிச்சிருந்தா யார் வந்து கேப்பாங்க?"

சகோதரிகளே, நாயோடு மலைக்குப் போக ஆசைப்பட்டால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கயிறு கையில் இருக்கட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை வருஷா வருஷம் போட்டு, அதன் அட்டையையும் எடுத்துப் போங்கள். வீட்டு நாயிடமிருந்து வெறிநோய் காட்டு விலங்குக்கும், அங்கிருந்து நாய்க்கும் வரும். எந்த நாய் கடித்தாலும், பல் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். வீடு திரும்பியதும் நாயின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மணியிடமிருந்து நான் ஏழு எடுத்தேன். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டு வந்துவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் தங்க வேண்டுமானால் வனத்துறையிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே நாயைக் கூட்டிப் போகாமலிருப்பதே நல்லது.

தை கடைசியில் பெரியவர் புளி மூட்டையோடு கடைக்கு வந்தார். பதினோரு முட்டையில் எட்டு பொரித்துவிட்டதாம். நாங்கள் வாங்கி வைத்திருந்த ஒரு ஜோடி நாட்டுக்கோழியை அவரிடமே கொடுத்தனுப்பினோம். என் மாமியார் தம் பங்குக்கு நான்கு நோட்டுப் புத்தகங்களைப் பையில் செருகினார்.

மகன் இப்போது சாப்பிடும்போது பேசுகிறான். பேச்சில் பாதி பறவை, பாதி தாத்தா. மணி இன்னமும் சாய்வு நாற்காலிக்கு அடியில்தான் படுக்கிறது. பக்கத்து ஆணியில் அதன் கயிறு தொங்குகிறது.