முன்னிற்பவரும் அழைப்பவரும்

அவையறிதல் என்று ஓர் அதிகாரத்தைத் திருக்குறளில் வகுத்தார் வள்ளுவர். பேச எழுவோன் தன் முன் இருப்போர் யாவர் என்பதை உணர்ந்து பேசவேண்டும் என்பது அதன் உட்கிடை. அக்காலத்தில் ஒருவன் ஒரு வேளையில் ஓர் அவையிலேதான் இருத்தல் கூடும். இன்றோ கைத்தொலைபேசியுடன் கடமைக்கு வருகின்ற ஒவ்வொருவரும் கட்புலனாகும் அவை ஒன்றிலும் கட்புலனாகாத அவை ஒன்றிலும் ஒருங்கே அமர்ந்திருக்கின்றனர். இவ்விரண்டனுள் எதற்கு முதன்மை என்பதே தொழிலிடத்துத் தொலைபேசி ஒழுக்கத்தின் அடிப்படை வினா என எனக்குத் தோன்றுகிறது.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆந் திகதி மோட்டோறோலா நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் நகர வீதியொன்றில் நின்றவாறு, கையிலேந்திய தொலைபேசியால் முதன்முதலிற் பேசினார். 1989இல் செல்டெல் நிறுவனத்தின் வாயிலாக இச்சேவை இலங்கைக்கு வந்தது. தென்னாசியாவில் இதுவே முதலாவது. அதற்கு முன்னர் எமது அலுவலகங்களிற் பெரும்பாலும் பிரதம எழுதுவினைஞரின் மேசையில் ஒரு தொலைபேசி இருக்கும். பலருங் கேட்கப் பேசவேண்டியிருந்தமையால் பேச்சுத் தானாகவே சுருங்கியது. கருவி ஒவ்வொருவர் சட்டைப்பைக்குள்ளும் புகுந்தபோது அக்கட்டுப்பாடு நீங்கிற்று. அதற்கு ஈடான வேறொரு கட்டுப்பாடு தோன்றவில்லை.

அதன் விளைவை ஓர் அரச அலுவலகத்திற் காத்திருந்தபோது நேரிற் கண்டேன். எனக்கு முன்னே வரிசையில் நின்ற முதிய பெண்ணொருவர், தம் முறை வந்ததும் விண்ணப்பப் படிவத்தை மேசைமீது விரித்தார். எழுதுவினைஞர் பேனாவைத் திறந்த கணத்தில் அவரது தொலைபேசி ஒலித்தது. உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு மண்டபம் ஒழுங்குசெய்வது பற்றிய உரையாடல் அது. ஏறத்தாழப் பத்து நிமிடங்கள் கழிந்தன. “தம்பி, நான் பேந்து வரட்டோ?” என்று அப்பெண் மெல்லக் கேட்டார். அவர் கையசைத்து இருக்கச் சொன்னார். பேச்சு முடிந்து படிவம் உள்ளே சென்றபோது, ஒப்பமிட வேண்டிய அதிகாரி கூட்டமொன்றுக்குப் புறப்பட்டுவிட்டார். காலை முதற் பஸ்ஸில் வந்தவர் இன்னொரு நாள் மீண்டும் வரவேண்டியதாயிற்று. ஒருவருடைய பத்து நிமிடம் மற்றொருவருக்கு ஒரு முழு நாளாகும் என்பதை அன்று உணர்ந்தேன்.

அவ்வெழுதுவினைஞர் கொடியவர் அல்லர். அவரை அழைத்தவரும் குற்றவாளி அல்லர். அழைப்பவருக்கு இங்குள்ள வரிசை தெரியாது. முதிய பெண் நிற்பதும் தெரியாது. இரண்டு அவைகளையும் ஒருசேர அறிந்தவர் அழைக்கப்படுபவர் ஒருவரே. ஆதலால் முடிவெடுக்கும் பொறுப்பும் அவரையே சாரும். நேரில் வந்தவர் வழிநடையும் காத்திருப்புமாகிய விலையைக் கொடுத்தே வந்துள்ளார். மணி ஒலித்த மாத்திரத்தே எவரும் வரிசையைத் தாண்டி முன்னே வர இடமளித்தல் நீதியாகாது.

எனினும், தொழிலிடத்தில் தொலைபேசியை முற்றாகத் தடைசெய்யவேண்டும் என்பது என் கருத்தன்று. எமது குடும்பங்கள் பல கடல்கடந்து சிதறி வாழ்கின்றன. இங்கு அலுவலகங்கள் திறக்கும் காலை 9 மணி, ரொறொன்ரோவில் முன்னைய நாளின் இரவு 11 மணியை அண்மிய வேளையாகும். அங்கு வேலை முடித்து வீடு திரும்பிய மகன் தாயுடன் பேசக் கிடைப்பது பெரும்பாலும் அந்நேரமே. நோயுற்ற பிள்ளையை வீட்டில் விட்டு வந்த தாய்க்கும் அக்கருவியே துணை. இத்தகைய வேளையில், “ஒரு நிமிசம் அம்மா, வீட்டில சுகமில்லை, எடுத்துக் கதைக்கட்டோ?” என்று முன்னிற்பவரிடம் அனுமதி கேட்டு, அப்பாற் சென்று சுருங்கப் பேசி மீள்வதைக் குறைகூறுவார் இலர்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். “கைத்தொலைபேசியை நிறுத்தி வைக்கவும்” என்ற அறிவித்தலின் கீழ் அமர்ந்திருப்பவரின் தொலைபேசி மட்டும் ஒலிப்பதுண்டு. விரிவுரை மண்டபமும் இதற்கு விலக்கன்று. மாணவனின் தொலைபேசி ஒலித்தாற் கண்டனம். விரிவுரையாளரின் தொலைபேசி ஒலித்தால் எல்லோரும் மௌனம். கீழுள்ளோரை மாத்திரம் கட்டுப்படுத்தும் விதி அதிகாரத்தின் அடையாளமேயன்றி ஒழுக்கமாகாது.

ஒலியடங்கிய நிலையை ஜப்பானியர் ‘நன்னடத்தை நிலை’ எனப் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். பெயர் அழகியது, ஆயினும் ஒலி அடங்கினாற் போதாது. கூட்டங்களில் வாய்மூடியிருந்து, கண்களை மேசையின் கீழே செலுத்துவோர் அங்கு இல்லாதவர்களே.

கடமை நேரம் முடிந்த பின்னர் வரும் செய்திகளும் கருதத்தக்கன. ஐம்பதும் அதற்கு மேற்பட்ட ஊழியரும் கொண்ட நிறுவனங்கள், கடமை நேரத்துக்குப் புறம்பே தொடர்பைத் துண்டித்திருக்கும் உரிமைபற்றி ஊழியருடன் பேசி ஒழுங்குசெய்ய வேண்டுமென்ற சட்டம் பிரான்சில் 2017 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. இரவு பதினொரு மணிக்கு வட்ஸ்அப்பிற் பணிப்புரை அனுப்பும் மேலதிகாரியும், அதே வேளையில் விரிவுரையாளரிடம் பரீட்சைப் புள்ளி வினவும் மாணவரும் சிந்திக்கவேண்டிய விடயம் இது.

சட்டம் எல்லைகளை வகுக்கலாம். ஆனால், மணி ஒலிக்கும் கணத்தில் எதிரே நிற்பவரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும்படி அது எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. அப்பழக்கத்தை நாமே பயின்றுகொள்ளல் வேண்டும். நாளை அலுவலக மேசைகளின் பின்னே அமரப்போகின்றவர்கள் இன்றைய மாணவர்களே. அதனை இப்பல்கலைக்கழகத்திலேயே தொடங்குவது பொருத்தமாகும்.