கல்லில் பிழிந்த துணி

அர்ச்சுனன் தபசா, கங்கை இறங்கிய கதையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடும் மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், யானைகளையும் தவம் செய்யும் பூனையையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். நடுவில் ஆறுபோல இறங்கும் பிளவின் ஓரமாக, கீழே ஒருவன் நிற்கிறான். குளித்துக் கரையேறியவன். பக்கத்தில் ஒருவன் நீர்க்குடத்தைத் தோளில் சுமக்க, இவன் ஈரத்துணியை இரண்டு கைகளாலும் முறுக்கிப் பிழிகிறான்.

தானே துணி பிழிந்து பழகாதவர் இதைச் செதுக்கியிருக்க முடியாது. நனைந்த வேட்டியை முறுக்கினால் அது கயிறாகும். மேலும் முறுக்கினால் முரண்டு பிடித்துக் கையைத் திருப்பித் தள்ளும். அந்த முரண்டு கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத்தான் தெரியும். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி அதைக் கருங்கல்லில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

அங்கிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக உள்ளே வந்தால் சிங்கப்பெருமாள் கோயில். பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக்குள் மலையோடு மலையாக இருக்கிறார். அவரை வலம் வரவேண்டுமானால் மலையையே சுற்றவேண்டும். அந்த மலைக்கும் வஸ்திரம் சாற்றுகிறார்கள். நெற்றிக்கண்ணைக் காட்டுவதற்காக அர்ச்சகர் திருமண்ணை விலக்கித் தீபம் காட்டும்போது எல்லார் பார்வையும் மேலே போய்விடுகிறது. பாறையின் இடுப்பில் மடிப்பு மடிப்பாக விழும் துணியைக் கவனிக்கிறவர்கள் குறைவு. கல்லையும் நூலையும் இவ்வளவு நெருக்கமாக வைத்துப் பார்க்க இந்த வட்டாரத்தில் வேறு இடம் தேடவேண்டியதில்லை.

துணியைப் பார்ப்பது என்று சொல்கிறோமே தவிர, யாரும் அதைப் பார்த்து மட்டும் வாங்குவதில்லை. ஜவுளிக்கடையில் பாயில் உட்கார்ந்த அம்மாள், விலையைக் கேட்பதற்கு முன்பே புடவையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறார். “இதுல பாதி கஞ்சிதான்” என்று தள்ளி வைத்துவிடுகிறார். தீர்ப்பு சொன்னது விரல்.

தமிழில் இந்தப் பொருளின் பெயரே கையின் வேலையிலிருந்து வந்தது. துணித்தது துணி. துண்டாக்கியது துண்டு. பழைய சொல் அறுவை, அதுவும் அறுப்பதிலிருந்து பிறந்ததே. சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், அதாவது துணி வியாபாரி. தறியிலிருந்து அறுத்து எடுக்கிற அந்த நொடியையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயரின் உடன்பிறப்பு ஒன்று நைஜீரியாவில் இருக்கிறது. நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் பல தலைமுறைகளாக மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணியை வாங்கி உடுத்துகிறவர்கள். அதை ‘இஞ்சிரி’ என்பார்கள். வாங்கியதை அப்படியே உடுத்துவதோடு அவர்கள் நிற்பதில்லை. பெண்கள் சவர பிளேடாலோ சிறு கத்தியாலோ குறிப்பிட்ட நூல்களை மட்டும் அறுத்து, ஒவ்வொன்றாக உருவி எடுக்கிறார்கள். நம் நெசவாளர் சேர்த்த நூலைக் கழிக்கக் கழிக்க அந்தத் துணியிலேயே புதிய கோலம் ஒன்று எழுகிறது. சல்லடைபோல் துளைகள் விழுந்து துணி இளகிவிடுகிறது. அதற்குப் பெயர் ‘பெலெடெ பிடெ’. அறுத்த துணி என்று பொருள். மூத்தவர்கள் இறந்தால் அந்த வீட்டில் சாவுக்கட்டிலை அலங்கரிக்கும் விலைமதிப்பான துணிகளில் இதுவும் உண்டு. நம் கடற்கரையின் நெசவை அவர்கள் அளவுக்கு விரலால் படித்தவர்கள் உலகத்தில் குறைவு.

கழிப்பதற்கு அவர்கள் என்றால், சேர்ப்பதற்குச் சிற்பி மிருணாளினி முகர்ஜி. 1949-இல் பிறந்தவர். பரோடா நுண்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு, 1970-களில் சணல் கயிற்றைக் கையில் எடுத்தார். ஊசியில்லை, தறியில்லை. கயிற்றைத் தரம் பிரித்து, சாயம் தோய்த்து, முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டு ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பினார். முன்கூட்டி வரைபடம் போட்டுக்கொள்வதில்லை. எந்த இடத்தில் மடியவேண்டும், எங்கே தொங்கவேண்டும் என்பதைக் கயிற்றின் கனமே சொல்லும். ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். யக்ஷி, தேவி, ருத்ரா என்று பெயர் வைத்தார். கருவறை இருட்டில் பட்டு சாற்றி நிற்கும் மூர்த்தியைக் கண்டு பழகிய கண்ணுக்கு அவை அன்னியமாகத் தோன்றாது.

அவருடைய தந்தை வினோத் பிஹாரி முகர்ஜி சாந்திநிகேதனின் பெரிய ஓவியர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை கிடையாது, மற்றதிலும் மங்கல். 1950-களில் கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இருந்ததும் போயிற்று. அவர் ஓயவில்லை. வண்ணக் காகிதத்தை விரலால் தடவி, கத்தரித்து, ஒட்டிப் படமாக்கினார். 1972-இல் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியத்தையே முடித்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் அதே ஆண்டு அவரைப் பற்றி ‘அகக்கண்’ என்று பொருள்படும் பெயரில் குறும்படம் எடுத்தார். பார்க்க முடியாத அப்பா தொட்டுத் தொட்டு வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண் வளர்ந்திருக்கிறாள். கயிறு அவள் கைக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முடிச்சுகளின் முன்னால் நிற்கிற ஒருவருக்கு அப்பாவின் விரல்களை நினைக்காமல் இருப்பது கடினம்.

இருவருக்கும் நடுவில் சென்னையோடு தொடர்புள்ள ஒருவர் உண்டு. கே.ஜி. சுப்ரமணியன் மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்றவர், பிறகு சாந்திநிகேதனில் வினோத் பிஹாரியின் மாணவர். அகில இந்தியக் கைத்தறி வாரியத்திலும் வேலை பார்த்தார். அவரே பரோடாவில் மிருணாளினிக்கு ஆசிரியர். கயிறும் நூலும் களிமண்ணும் ஓவியச் சீலைக்குத் தாழ்ந்தவை அல்ல என்று மாணவர்களுக்குக் கற்பித்தவர்.

கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் அதே காலத்தில் ஓவியமும் துணியும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் ஈஞ்சம்பாக்கத்தில் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், துணியில் மெழுகெழுதிச் சாயம் ஏற்றும் பத்திக் வேலைதான் பல ஓவியர்களின் வயிற்றுப்பாட்டைக் கவனித்துக்கொண்டது. அவர்களுடைய ஓவியங்களைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட அந்தத் துணிகளைப் பற்றி எழுதப்படவில்லை என்பது வருத்தம் தருகிறது.

மிருணாளினி 2015-இல், டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் தன் வாழ்நாள் படைப்புகளின் கண்காட்சி திறந்த சில நாட்களில் காலமானார். 2019-இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. காட்சிக்கூடங்களில் பொதுவாகத் தொடக்கூடாது என்பதே விதி. விரலால் பிறந்த ஒன்றை விரலுக்கு மறுப்பதன் நியாயம் புரிகிறது. எண்ணெய்ப்பசை ஏறினால் நார் கெட்டுவிடும். அப்படியானாலும், பக்கத்திலேயே அதே சணலில் போட்ட ஒரு கை அகல முடிச்சை மாட்டிவைத்து, இதைத் தொடலாம் என்று எழுதி வைத்தால் என்ன? பார்வையற்றவர்கள் முதலில் வருவார்கள். மற்றவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

மாமல்லபுரக் கடற்கரையில் எந்த விதியும் இல்லை. கடற்கோயிலுக்கு வடக்கே படகுகளின் நிழலில் மீனவர்கள் கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலையூசியால் முடிச்சுப் போடுகிறார்கள். பேச்சு பக்கத்து ஆளோடு, பார்வை அலையின்மேல். கை மட்டும் தன்பாட்டுக்கு அளவு பிசகாமல் போகிறது. வலையில் நூலுக்கும் நூலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்கு அவர்கள் சொல்லும் பெயர் கண்.