மாலைதோறும் மயங்கிய கணினி

நம் வீட்டுக் கணினி 2014ஆம் ஆண்டில் வாங்கப்பட்டது. கல்முனைக்குடியிலே கடற்கரைக்குக் கூப்பிடு தொலைவில் நமது இல்லம் அமைந்துள்ளது. முன்னறைச் சன்னலைத் திறந்தால் உப்புக் காற்று தாராளமாக உள்ளே வரும். அந்த அறையிலேதான் கணினிக்கு ஆசனம் கொடுத்திருந்தோம். வருகின்ற விருந்தினர் கண்ணிற் படவேண்டும் என்ற அற்பப் பெருமையும் அதற்கு ஒரு காரணமென்பதை ஒளிப்பதற்கில்லை.

சென்ற ஆண்டு நவம்பர் மாதத்தில், மழை இருட்டிக் கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், மகள் எழுதிக் கொண்டிருந்தபோதே திரை கறுத்தது. கணினி தானே மறுபடியும் தொடங்கியது. மறுநாளும் அவ்வாறே. ஒரு கிழமைக்குள் இஃது அன்றாட வழக்கமாயிற்று. மூன்றாவது கிழமையில், எழுதியிருந்த கோப்பே சிதைந்து பதினொரு பக்கங்கள் பறிபோயின.

அப்பக்கங்கள் யாவை என்பதைச் சொல்ல வேண்டும். மகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களிடையே வாய்மொழியாக வழங்கிவரும் கவிகளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிவந்தாள். அதற்கு ஆதாரம் காலஞ்சென்ற நம் உம்மாவின் குரல். அவர் தள்ளாத வயதில் பாடிய கவிகளும் தாலாட்டுகளும் அந்தக் கணினியிலேதான் இருந்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குள் புகுந்தபோது உம்மாவின் புகைப்படங்கள் அனைத்தும் நீரோடு போய்விட்டன. எஞ்சியிருந்தது இக்குரல் ஒன்றே. அதற்குப் பிரதி எடுத்து வைத்தீர்களா என்று வாசகர்கள் கேட்பார்கள். நாளைக்கு, நாளைக்கு என்றே ஆறு ஆண்டுகளைக் கழித்திருந்தோம்!

குற்றவாளி யார் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. பதினாறு வயது மகன் அக்கணினியில் விளையாட்டுகளை இறக்கி விளையாடுபவன். "நான் ஒண்டும் செய்யல்ல வாப்பா" என்று அவன் சொன்னதை நாம் காதிற் போட்டுக்கொள்ளவேயில்லை. கணினியைத் தொடலாகாதென்று கட்டளையிட்டோம். அவன் தொடாத இரண்டு கிழமைகளிலும் அது நின்று நின்று எழும்பியது. "முன்னமே கெடுத்து வைத்துவிட்டான்" என்று தீர்ப்பைத் திருத்தி எழுதினோம். நீதிபதி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் சாட்சியத்துக்கு ஏது இடம்?

பழுது பார்க்கும் கடையொன்றுக்கு எடுத்துச் சென்றோம். அங்கிருந்தவர் கணினியைத் திறந்தும் பாராமல், "ஃபோமட் அடிச்சாத்தான் சரிவரும்" என்றார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக அமைப்பது என்பதே அதன் பொருள். நாம் சம்மதிக்கவும் இருந்தோம். கடை வாசலில் நின்ற மகன், "வாப்பும்மாட குரல் அதுக்குள்ள இருக்கு" என்று ஒரே வார்த்தை சொன்னான். கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினோம்.

அன்று மாலையே பென் டிரைவில் பிரதியெடுக்க முயன்றோம். பாதியில் நின்றது. வீடு உறங்கிய பின்னர் நடுநிசியில் மறுபடி முயன்றபோது ஒரு தடங்கலுமின்றி முழுவதும் இறங்கிவிட்டது. பெருமூச்சு விட்டோமேயன்றி, நடுநிசியில் மட்டும் அது ஏன் ஒழுங்காய் நடந்தது என்று நாம் யோசிக்கவில்லை. மகன் யோசித்தான். அன்றிரவே ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் நாளையும் நேரத்தையும் குறிக்கத் தொடங்கினான்.

நாமோ நமது வழியிலே முயன்றோம். பெட்டியைத் திறந்து தூசு துடைத்தோம். உள்ளே இரண்டு பல்லி முட்டைகள்! 1947 செப்டெம்பர் 9ஆந் திகதி, அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் கணிப்பொறியினுள் ஓர் அந்துப்பூச்சி அகப்பட்டு, அதை எடுத்து நாட்குறிப்பிலே ஒட்டி வைத்தார்கள் என்பது வரலாறு. நமக்கும் அத்தகைய புகழ் கிட்டிவிட்டதென்று மகிழ்ந்தோம். அதன்பின் இரண்டு நாள் கணினி ஒரு முறையேனும் நிற்கவில்லை. ஆனால் அவ்விரண்டு நாளும் திருமண வீடொன்றின் பொருட்டு நாமும் இல்லத்தரசியும் அக்கரைப்பற்றில் தங்கியிருந்தோம். திரும்பி வந்த அன்று மாலையே பழைய கதை.

விண்டோஸ் தன் நிகழ்வுகளையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கும். மகன் அதைத் திறந்து காட்டினான். ஒவ்வொரு முறையும் 41 என்ற இலக்கம். முறைப்படி மூடப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதே அதன் கருத்து. காரணத்தை அது சொல்வதில்லை. ஆயினும், மென்பொருட் கோளாறானால் பெரும்பாலும் நீலத்திரையும் ஒரு பிழைக்குறியும் விட்டுப்போகும். இங்கே அவ்வித அடையாளம் எதுவுமில்லை. "மின்சாரம் ஒரு கணம் அறுபடுது போல இருக்கு வாப்பா" என்றான். ராம் என்னும் நினைவகப் பலகையையும் கழற்றித் துடைத்து, ஓர் இரவு முழுவதும் சோதித்தான். அதிலே குற்றமில்லை.

தை மாதக் கடைசியில் கொப்பி நிறைந்துவிட்டது. உணவு மேசையில் அதை விரித்து வைத்திருந்தான். நவம்பர் இறுதியில் 5.20 என்றிருந்த மாலை நேரம், சிறிது சிறிதாக நகர்ந்து 5.40 ஆகியிருந்தது. பிற்பகல் மூன்று மணியளவிலும் சில குறிப்புகள் காணப்பட்டன. கணினிக்கு ஏன் இப்படி ஒரு நாட்காட்டி என்று பிள்ளைகள் இருவரும் திகைத்து நிற்க, தேநீர் கொண்டுவந்த இல்லத்தரசி கொப்பியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய தொழுகை நேர அட்டையைப் பார்த்தார். பிறகு நம்மைப் பார்த்தார்.

"இது நீங்க மோட்டர் போடுற நேரமெல்லோ?"

அஸருக்கும் மஃரிபுக்கும் சற்று முன்னதாகக் கிணற்று மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்புவது பல ஆண்டுகளாக நமது பொறுப்பு. சூரியன் மறையும் நேரம் நகர நகர நாமும் நகர்ந்திருக்கிறோம்! 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனபோது, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணமென்று அமைச்சர் சொன்னதைக் கேட்டுச் சிரித்தவர்களுள் நாமும் ஒருவர். நம் வீட்டில் அந்தக் குரங்கின் உத்தியோகத்தை நாமே பார்த்து வந்தோம்.

சோதித்துப் பார்த்தோம். மகன் கணினியின் முன்னே, நாம் கிணற்றடியிலே. முதன்முறை ஒன்றும் நிகழவில்லை. இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை விசையை அழுத்தியதும் முன்னறையிலிருந்து "போயிற்று!" என்ற கூக்குரல் எழுந்தது. ஒவ்வொரு முறையும் நில்லாமல் சில முறை மட்டும் நின்றதே இத்தனை நாள் நம்மை ஏய்த்தது.

மோட்டர் புறப்படும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் அக்கணத்திற் சரியும். மின்குமிழ் மங்கி எழுவதை ஆண்டுக் கணக்காகப் பார்த்தே வந்திருக்கிறோம். கணினியின் பவர் சப்ளைப் பெட்டி நல்ல நிலையில் இருந்தால், தன்னுள்ளே சேர்த்து வைத்த மின்னைக் கொண்டு ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்கு நேரம் தாக்குப்பிடிக்கும். அற்ப நேரமே எனினும் பெரும்பாலும் அது போதும். நம் பெட்டிக்கோ வயது பத்துக்கு மேல். அயலிலிருந்த மின் வேலை தெரிந்த அன்பர் அதைத் திறந்து காட்டினார். மின்னைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தது. உப்பு ஏறிய இணைப்புகள் பச்சை பூத்திருந்தன. (இணைப்பைக் கழற்றிய பின்னும் அப்பெட்டியில் ஆபத்தான மின் தங்கியிருக்கும், பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்கவே கூடாது.)

புதிய பெட்டி பூட்டினோம். மோட்டரைப் பத்து முறை போட்டும் கணினி அசையவில்லை. சன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கும் அதை மாற்றினோம்.

அன்றிரவு மகனிடம், "மகன், பிழை என்ட பக்கந்தான்" என்றோம். இரண்டு மாதம் நம்முடன் முகங்கொடுத்துப் பேசாதிருந்தவன், கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'மோட்டர்' என்று எழுதி அடியிற் கோடிட்டு நம் கையிலே தந்தான். அதை அலமாரியில் வைத்திருக்கிறோம்.

இப்போது அவசியமில்லை என்றாலும், விசையைத் தொடுமுன் பின்வாசலில் நின்று, "மோட்டர் போடட்டா?" என்று கேட்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. மகள் காதிலே கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு வரியைக் கேட்பதும் எழுதுவதுமாக இருப்பாள். மகன்தான் மறுமொழி சொல்லுவான்.

"கொஞ்சம் பொறுங்க வாப்பா, வாப்பும்மா பாடுறா."