மூணு பத்தி, ஒரு வரி

ஆபீஸ் விட்டு கிண்டி ஸ்டேஷனில் தாம்பரம் வண்டிக்கு நின்றபோதுதான் அதைப் பார்த்தேன். விக்கிப்பீடியாவில் நான் எழுதிய ஒரு வாழ்க்கைக் குறிப்பின் உரையாடல் பக்கத்தில் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கப்பா மேல வந்த குற்றச்சாட்டுக்கு மூணு பத்தி. விடுதலை ஆனதுக்கு ஒரே வரியா சார்?"

கோபம்தான் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் கொடுத்திருக்கிறேன், எது பொய்னு காட்டட்டுமே. (கோடு எழுதுறவன் புத்தி. டெஸ்ட் பாஸானா வேலை முடிஞ்சது.)

ராத்திரி நம்பி நாராயணன் ஞாபகம் வந்தது. நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி. 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைது. 1996இல் குற்றச்சாட்டு பொய் என்றது சிபிஐ. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கைதான வாரத்துப் பேப்பர்களை மட்டும் வைத்து எழுதினால் அவர் இன்றைக்கும் உளவாளிதான். மேற்கோள் அத்தனையும் அசலாக இருக்கும். கைதுச் செய்தி தினமும் வரும், விடுதலை ஒருநாள்தான் வரும். அந்த விகிதத்தை அப்படியே அடிக்குறிப்பில் இறக்கிவிட்டு நடுநிலைன்னு சொல்லிக்கிறோம்.

2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகந்தாலர் பற்றி விக்கிப்பீடியாவில் ஒரு பச்சைப்பொய் நாலு மாதம் கிடந்தது. தெரிந்ததும் அழித்தார்கள். பொய்யை அழிக்கலாம். என் மூணு பத்தியில் பொய்யே இல்லையே!

தீர்ப்பைத் தேடிப் படித்தேன். எழுதும்போது படிக்கவே இல்லை. குற்றச்சாட்டை ஒரு பத்தியாக்கி, நீதிபதி சொன்ன காரணங்களைச் சேர்த்து, "மாற்றிவிட்டேன்" என்று பதில் போட்டேன். பழைய வடிவம் 'வரலாறு' தாவலில் இன்னும் இருக்கிறது, என் பெயரோடு.